குழாயிலிருந்து எடுத்த விரல்

மலேசியாவின் கிள்ளான் நகரில் என் பக்கத்து வீட்டு ரவீன், என்னிடம் இருப்பதைப் போலவே ஒரு பழைய காரை வாங்கினான். வேறு இஞ்சின் போட்டு, சாயம் அடித்து, மூன்றே மாதத்தில் ரோட்டுக்குத் தயாராக்கிவிட்டான். நான் ஆறு வருடமாக என் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவன் வண்டியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை கூப்பிட்டான்.

"அண்ணே, சும்மா நிக்கிறப்பவே ஆர்பிஎம் ரெண்டாயிரம் போவுதுலா. கொஞ்சம் பாருங்க."

அவன் எனக்குத் தேத்தண்ணி எடுக்க உள்ளே போனான். கார்புரேட்டருக்குக் கீழே ஒரு ரப்பர் குழாயில் வெடிப்பு தெரிந்தது. அதை விரலால் பொத்தினேன். இஞ்சின் சத்தம் உடனே தணிந்தது. கோளாறு அவ்வளவுதான்.

விரலை எடுத்துவிட்டேன்.

அவன் வந்ததும், "டைமிங்தான் பிரச்சின," என்று சொல்லி, பிளக்கில் பொறி விழும் நேரத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிவைத்தேன். சத்தம் குறைந்தது. கூடவே வண்டியின் இழுவையும் போகும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கோயிலில் வண்டிக்குப் பூசை. நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. ரவீன் சாவியை என்னிடம் நீட்டினான்.

"நீங்கதான் மொத ஓட்டணும்ணே. சரி பண்ணிக் குடுத்தது நீங்கதானே."

ஓட்டினேன். பழங்கள் நசுங்கின. இறங்கியதும் அவன் அம்மா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

அன்று சாயங்காலமே குழாயை மாற்றி, டைமிங்கையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். ரவீன் காரணம் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொன்னான்.

அவன் வண்டி இன்றும் என்னுடையதைவிட நன்றாகத்தான் ஓடுகிறது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்த நன்றியை நினைத்தால் அதைவிட அதிகமாக எரிகிறது.