கடல் பக்கம் வைத்த யன்னல்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ர, ற இடம் மாறியிருந்தால் பொறுத்து, திருத்தி வாசியுங்கள். மேசன் வேலைக்கு வரும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன்.

என் ஊர் இறக்கக்கண்டி. திருகோணமலை நகரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை கட்டப் போனேன். அந்த வேலையைக் கொந்தராத்து எடுத்த முதலாளி கிண்ணியாக்காரர். முதல் நாள் போனில் சொன்னார்:

"மேசன், கடல் பக்கம் பெரிய யன்னல். மற்றப் பக்கம் லிண்டலுக்குக் கீழ காத்துக்குச் சின்னக் கண் மட்டும் விடுங்க."

"ஓம் முதலாளி" என்றேன். பிளான் கையில் இருந்தது. அளவுகளை வாசிப்பேன். மூலையில் இருக்கும் வடக்கு அம்புக்குறியை நான் கவனிப்பதில்லை. எங்கள் ஊரில் கடல் என்றால் கிழக்கு. கிழக்கே பெரிய யன்னல் வைத்தேன்.

முதல் அறைக்குக் கூரை போட்டு, கரும்பலகைக்குப் பெயின்ற் அடித்ததும், முதலாம் வகுப்பு ரீச்சர் ஒரு காலையில் வந்தார். பலகையில் ஏதோ எழுதிவிட்டு அறையின் கடைசியில் போய்க் குந்தினார்.

"மேசன், இங்க வந்து பாருங்கோ. என்ன எழுதியிருக்கிறன்?"

வெயில் பட்டுப் பலகை மினுங்கியது. எழுத்தே தெரியவில்லை.

"பின் வாங்கில இருக்கிற பிள்ளையள் என்னத்தைப் படிக்கிறது? அடுத்த கிழமை வகுப்பு இங்க வருது."

முதலாளி வந்து பார்த்தார். "கேட்டின் சீலை போட்டாச் சரி."

"போட்டா இருட்டு. கரண்ட் போனா?" ரீச்சர் விடவில்லை.

முதலாளி என்னிடம் திரும்பினார். "கடல் பக்கம் எண்டுதானே சொன்னன்?"

"கடல் பக்கம்தான் வைச்சனான்" என்று கிழக்கே காட்டினேன். அவர் மேற்கே காட்டினார்.

"நான் சொன்னது கப்பல் நிக்கிற கடலை! ஹாபரை!"

ரீச்சர் சிரித்துவிட்டார். "ரெண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில ரெண்டு பேரும் நல்லாத்தான் கதைச்சிருக்கிறீங்கள்."

ஆட்களுக்கு முன் பேச எனக்குக் கூச்சம். அன்றைக்கு வாய் திறந்தேன்.

"அம்புக்குறியைப் பாக்காதது என்ர பிழை. பிள்ளையள் வர முந்தி உடைச்சு மாத்திறன்."

"ஏலுமா?" என்றார் முதலாளி.

"ஏலும். மேல தாங்கிற லிண்டல் சுவர் முழுக்க ஓடுது, ரெண்டு பக்கமும் ஒரே உயரம்."

ஆனால் மேற்கிலும் வெயில் அடிக்குமே? ரீச்சரிடம் மெல்லக் கேட்டேன்.

"பள்ளிக்கூடம் ஒண்டரைக்கு விடுது, மேசன். வெயில் உள்ளுக்க வரேக்க நாங்கள் வீட்ட நித்திரை."

இதை நான் யோசித்ததே இல்லை. மாற்றிக் கட்டிய பிறகும் நம்பாமல், தரையில் வெயில் விழும் இடத்தில் மணிக்கு மணி சோக்குக் கட்டியால் கோடு போடக் காத்திருந்தேன். உச்சி வெயிலைக் கூரை இறக்கம் மறைத்ததால், ஒன்றரை மணி வரை மேற்கு யன்னலுக்குள் கோடு போட வேலையில்லை. அறையோ முழு வெளிச்சம்.

திங்கட்கிழமை வெளியே சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தேன். லைட் போடவில்லை. ரீச்சர் பின் வாங்கை எழுப்பி வாசிக்கச் சொன்னார். "ஆடு, இலை, ஈ" என்று பிழையில்லாமல் வந்தது.

தம்பிமாரே, கடல் பக்கம், றோட்டுப் பக்கம் என்று யார் சொன்னாலும் "சூரியன் எழும்புற பக்கமா, விழுற பக்கமா?" என்று கேட்டுவிட்டுக் கல் வையுங்கள். பள்ளிக்கூடம் என்றால் மணி எப்போது அடிக்கிறது என்றும் கேளுங்கள்.

எழுதி முடித்த திகதி: புரட்டாதி 21.