ஒரே கிண்ணத்தில் ஊத்தின சொட்டு மருந்து

மாதையனுக்கு இருந்ததே ஒரு கண்ணுதான். இடது கண்ணைச் சின்ன வயசுலயே அம்மை கொண்டுபோயிட்டது. மிச்சமிருந்த வலது கண்ணும் எழுபத்தொன்பதாம் வருசம் சாமை அறுப்பு நேரத்துல செக்கச்செவேல்னு சிவந்துச்சு. வெளிச்சம் பட்டா ஊசி குத்துற வலி. பார்வை பனி இறங்கின பள்ளம் மாதிரி மங்கிப்போச்சு. புளியமரம் ஏறிப் பிழைக்கிற ஆளு. கண்ணு இல்லாம கிளை எது, காத்து எது?

தங்கச்சி புருசன் வேடியப்பனுக்கும் அதே நோவு, ஒத்தக் கண்ணுல. ரெண்டு பேரும் ஜமுனாமரத்தூர்ல பஸ் ஏறிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

டாக்டரம்மா ஜெபகுமாரி விளக்கடிச்சுப் பார்த்தாங்க. "கண்ணுக்குள்ள அழற்சி. இதுக்கு ரெண்டு மருந்து இருக்கு. ரெண்டும் நல்லதுதான். எது ஒசத்தின்னு ஆராய்ச்சி பண்றோம், சேர்றீங்களா?"

கைநாட்டு வச்சாங்க. ஆளுக்கொரு சீசா வந்தது. மேல வெறும் நம்பர்.

"எனக்குக் குடுத்தது எதும்மா?"

"அது எனக்கே தெரியாதுய்யா. தெரியாம இருந்தாத்தான் ஓரவஞ்சனை இல்லாம பார்க்க முடியும்."

மாதையனுக்கு மண்டை காய்ஞ்சுபோச்சு. பூசாரிகூட எந்தச் சாமி இறங்கியிருக்குன்னு கேட்டுட்டுத்தானே துன்னூறு குடுப்பான்?

பஸ்ல வேடியப்பன் ஆரம்பிச்சான். "ஒனக்கு நல்லது வந்து, எனக்கு நோஞ்சான் வந்துருந்தா இன்னா பண்றது மச்சான்?"

"எனக்கு நோஞ்சான் வந்துருந்தா? ஒனக்காவது இன்னொரு கண்ணு கீது மாப்ள."

மலையில கூட்டாத் தேன் எடுக்கப் போனா, எவன் எடுத்த அடை பெருசுன்னு பார்க்கிறது இல்ல. எல்லாத்தையும் ஒரே சட்டியில பிழிஞ்சுதான் பங்கு. வூட்டுக்கு வந்ததும் ரெண்டு சீசாவையும் ஒரு கிண்ணத்துல கொட்டிக் கலக்கி, ஆளுக்குப் பாதியா சீசாவுல திருப்பி ஊத்திக்கிட்டாங்க. மனசு ஆறிப்போச்சு.

ஒரு மாசம் கழிச்சு டாக்டரம்மா மாதையன் கண்ணைப் பார்த்துட்டு மொகம் சுளிச்சாங்க. "சிவப்பு அடங்கியிருக்கு. ஆனா உள்ள அழுத்தம் ஏறியிருக்கு. விட்டா இந்தக் கண்ணும் போயிடும். சீசா நம்பர் எந்த மருந்துன்னு உறைக்குள்ள எழுதியிருக்கு, பிரிச்சுப் பார்க்கணும்." ஒட்டின உறை ஒண்ணை எடுத்தாங்க.

சொன்னா தொரத்திடுவாங்க. சொல்லலன்னா கண்ணு போயிடும். மாதையன் உறை மேல கையை வச்சான்.

"அதைப் பிரிச்சும் பிரயோசனம் இல்லீங்கம்மா." கிண்ணத்துக் கதையைச் சொல்லிட்டான்.

டாக்டரம்மா ஆராய்ச்சி நோட்டுல ரெண்டு பேரோட பேரையும் கோடு போட்டு அடிச்சாங்க.

"அப்ப எங்களை வெரட்டுறீங்களாம்மா?"

"ஆராய்ச்சியிலதான்யா பேரு இல்ல. ஆஸ்பத்திரியில இருக்கு." வேற ஒரு சீசா குடுத்தாங்க. "இது அழுத்தத்தை இறக்குறது. உனக்கு மட்டும்தான். ஒரு சொட்டுகூடப் பங்கு கிடையாது, வாரம் தவறாம வரணும்." வேடியப்பனுக்கு அழுத்தம் ஏறல, அவனுக்கு வேற மருந்து.

வெளிய வந்ததும் வேடியப்பன் தலையைச் சொறிஞ்சான். "ஒரே கிண்ணம். ஒனக்கு ஏறுது, எனக்கு ஏறல. எப்படி மச்சான்?"

"எனக்கு இன்னா தெரியும்? டாக்டருக்கே தெரியாது."

"சரி, புதுசுல பாதி ஊத்து. எனக்கும் அழுத்தம் ஏறுறதுக்கு முன்னாடியே போட்டு வச்சுக்கிறேன்."

நீட்டின கையை மாதையன் பார்த்தான். ஒரு கண்ணால பார்த்தாலும் கை நல்லாவே தெரிஞ்சுது. சீசாவை மடியில வச்சு இறுக்கி முடிஞ்சான்.

மலையேறுற பஸ்ல வேடியப்பன் வேற சீட்டுல போய் உட்கார்ந்தான். செஞ்சது சரியா தப்பான்னு மாதையனுக்கு விளங்கவே இல்ல. மடியை மட்டும் விடாம புடிச்சுக்கிட்டு வந்தான்.