தீபிகாவின் லீவு

நசரத்பேட்டை நர்ஸ் சுலோசனாவுக்கு வாய் அதிகம். ஊசிக்குப் பயந்து பிள்ளையை ஒளித்துவைத்த வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்துவாள். பிள்ளைகளை அந்த வாய்தான் காப்பாற்றி வந்தது.

பள்ளியில் தடுப்பூசி போட வந்தவள், "தீபிகா எங்க சார்?" என்றாள்.

"லீவு. வெளியூர்ல வேலை பாக்குற அவ அம்மா வந்திருக்காங்களாம்," என்று சிரித்தார் புது வாத்தியார் ஸ்ரீநாத்.

"யார் சொன்னது?"

"பக்கத்து வீட்டு அகல்யா. 'தீபிகா ஊட்ல அம்மா வந்துகீது'ன்னு போன வாரம் சொன்னா."

சுலோசனா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். "ஐயோ சார், அது அம்மை! அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க. அன்னைக்கே எனக்கு ஒரு போன் போட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து அகல்யா கழுத்தைச் சொறிந்துகொண்டே எழுந்தாள்.

"நர்ஸம்மா, இப்ப எங்க ஊட்டுக்கும் வந்துகீது."