சித்தியின் முகம் இதுதான்

சித்தி என்னைவிட இரண்டு மாதம் இளையவர். என் அம்மாவின் சித்தப்பா மகள் என்பதால் முறையில் எனக்குச் சித்தி. மற்றபடி, நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என்னோடு இருந்த தோழி. மண்டபத்தூரில் அடுத்தடுத்த வீடுகளில் பிறந்தோம். பள்ளியில் சேர்ந்த அன்று, "ஏ சித்தி, இங்க வந்து ஒக்காருடி" என்று நான் கூப்பிட, வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு டீச்சர்களும் அவரைச் சித்தி என்றே கூப்பிட்டார்கள். அவருடைய இந்த நினைவு மலரிலும் அவர் சித்திதான்.

நாங்கள் இருவரும் ஒரே அச்சு. ஒரே உயரம், ஒரே மூக்கு, ஒரே புருவம். என் இடது தாடையில் ஒரு மச்சம் இருக்கிறது, சித்திக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள், தண்ணீர் கொண்டுபோன என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார்கள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த சித்தி, "சரக்கு நான்தாங்க, அது சாம்பிளு" என்றார். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. சித்தி அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது சித்தியின் அப்பா தவறிப்போனார். அம்மாவுக்கு முழங்காலில் வலி. மீன் அன்னக்கூடையைச் சித்தி தலையில் ஏற்றிக்கொண்டார். விடிந்ததும் கரையில் மீன் எடுத்து, பஸ் ஏறி நெடுங்காடு போய், தெருத் தெருவாக விற்றுவிட்டு மதியம் திரும்புவார். நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்ததும், கல்லூரியில் பட்டம் வாங்கியதும், இன்று ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருப்பதும் நான்தான் முதல். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. சித்திக்கும் இருந்ததில்லை. "எம் மவ டிகிரி முடிச்சிட்டா" என்று நெடுங்காட்டில் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு டிகிரி முடித்த மகளா என்று கேட்டவர்களுக்கு, "மொறைக்கு மவதாங்க. மொறைய மாத்த முடியுமா?" என்பாராம்.

நேற்றைய மீன் என்றால் நேற்றைய மீன் என்று சொல்லித்தான் விற்பார். கோபம் வந்தால் உடனே காட்டுவார், உடனே மறந்தும் விடுவார். கேமராவைக் கண்டால் மட்டும் ஓடி ஒளிவார்.

சென்ற ஆண்டு மழை விட்ட நேரத்தில் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் உச்சிவேளையில் சித்தி போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

கண்ணீர் அஞ்சலி போர்டுக்குப் படம் வேண்டும் என்றார்கள். சித்தியின் ஆதார் அட்டைப் படம் கறுத்துப்போய் யாரென்றே தெரியாது. என் போனில் ஒரே ஒரு படம் இருந்தது. மாசி மகத்தன்று கடற்கரையில், ஒரே மாதிரி கிளிப்பச்சைப் புடவையில் நாங்கள் இருவரும் நின்று எடுத்தது. நான் வலுக்கட்டாயமாகப் பிடித்து நிறுத்தியது. அதைப் பேனர் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் ஒரு முகத்தை மட்டும் வெட்டி, வாசகம் சேர்த்து, பார்த்துச் சொல்லும்படி எனக்கு அனுப்பினார். வாசகம் நான் எழுதியது. ஒரு ஒற்றுப்பிழைகூட இருக்கக் கூடாது என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். படத்தையும் பார்த்தேன். சித்தி என்று நினைத்து அழுதேன். சரி என்று பதில் போட்டேன்.

அது என் படம்.

ஊர் முகப்பில் ஒன்றும், நெடுங்காடு பஸ் நிறுத்தத்தில் ஒன்றும் போர்டு வைத்தார்கள். என் முகத்துக்கு மாலை போட்டார்கள். அதன் அடியில் நின்று நானும் அழுதேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

கருமாதி முடிந்த மறுவாரம், சித்தி வழக்கமாக மீன் கொடுக்கும் வீடுகளுக்குச் சொல்லிவிட்டு வர நெடுங்காடு போனேன். நல்ல வெயில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு நான்கு அடி பின்வாங்கினார்.

"யாரும்மா நீ?"

"மீன்காரப் பொண்ணோட அக்கா மவங்க."

அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் மேலே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் திரும்பினேன். போர்டில் தாடை மச்சத்தோடு நான் இருந்தேன்.

"மொத நாளே நெனச்சேன், அந்தப் பொண்ணுக்கு மச்சம் ஏதுன்னு. ஆனா இம்மாம் பெருசா போட்டிருக்காங்க, தப்பாவா போடுவாங்கன்னு விட்டுட்டேன்" என்றார் அவர். பிறகு மெதுவாக, "இப்ப அதக் கண்ண மூடி நெனச்சா இந்த மொகந்தாம்மா வருது" என்றார்.

அன்றே வந்து சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பியபோது, சித்தியின் அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, குங்குமம் வைத்து, விளக்கேற்றிவிட்டு, இத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்ல வாய் வரவில்லை. அது பாதி உண்மை. படித்தவள் பார்த்துச் சரி என்று சொன்னது தப்பாகிவிட்டது என்று தெருவில் பேசுவார்களே என்பது மீதி.

மாதங்கள் போயின. பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் சித்தியின் அம்மாவிடம் வந்து, "ஒம் மவ கனவுல வந்தாடி. வாசல்ல நின்னு சிரிக்கறா. மச்சம்கூட அப்படியே தெரிஞ்சுது" என்றார். இன்னொருத்தியும் அதையே சொன்னாள். சித்திக்கு இல்லாத மச்சத்தை ஊரே சித்திக்கு வைத்துவிட்டது. சித்தியின் அம்மா மட்டும், "எனக்குத்தான் வர மாட்டேங்கறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது நானே சித்தியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகம்தான் வந்தது.

கல்யாணம் ஆகாமலே இறந்துபோன பெண் எங்கள் வழக்கில் வீட்டுக் கன்னி. ஆண்டு நிறைவில் படத்தின் முன் புதுப்புடவை, கண்ணாடி வளையல், பூ எல்லாம் வைத்துப் படைத்து, அவரை வீட்டுக்குள் அழைப்போம். எந்த முகத்தைப் பார்த்து அழைக்கிறோமோ அதுதான் வந்து தங்கும் என்பார்கள். படைத்த புடவையை வீட்டிலுள்ள கன்னிப்பெண் உடுத்த வேண்டும். அது நான். என் படத்துக்கு முன்னால் வைத்த புடவையை நானே வாங்கி உடுத்த வேண்டும். சித்தி வெளியே நிற்பார்.

சென்ற மாதம் ஒரு மதியம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அம்மாச்சி, இது சித்தி இல்ல. நான்."

சித்தியின் அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தார். என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எம் மவ எங்கடி?"

போனில் இருந்த முழுப்படத்தைக் காட்டினேன். இரண்டு முகத்தையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு முகத்தின்மேல் விரலை வைத்தார். "இவதான?"

அது நான்.

என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. விரலை எடுத்துக்கொண்டார். பெற்றவரின் கண்ணிலிருந்தே சித்தியைத் துடைத்துவிட்டேன்.

சித்தியின் அம்மா போனை வாங்கி மடியில் வைத்தார். இரண்டு கட்டை விரலாலும் இரண்டு முகத்தையும் மூடினார். கழுத்துகளை மட்டும் பார்த்தார்.

"சொம தூக்குன கழுத்து எது, பொஸ்தகம் தூக்குன கழுத்து எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "இந்தா, இது. நேரா நிக்குது பாரு. கூடய எறக்கி வெச்சாலும் அவ கழுத்து அப்படித்தான் நிக்கும்."

அந்தக் கழுத்துக்கு மேலிருந்த கட்டை விரலை மெல்ல மெல்ல மேலே நகர்த்தினார். முதலில் தாடை தெரிந்தது. மச்சம் இல்லாத தாடை. பிறகு வாய், மூக்கு. கண் தெரிந்ததும் சித்தியின் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அன்று, சித்தி போன அன்று வந்த அதே சத்தம்.

"வந்துட்டாடி" என்றார்.

இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது. அப்பதான் எல்லாரும் அவள அவளா நெனைப்பாங்க" என்றார். பழைய படத்தைக் கடலில் விட்டுவிடலாமா என்றும் கேட்டேன். உயிரோடு இருப்பவள் படத்தைக் கடலில் விடக்கூடாது என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். அது இப்போது என் பெட்டியில் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்தும் நெற்றிப் பொட்டின் தடம் போகவில்லை.

சித்தியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய தெரு அண்ணன்களுக்கும், ஐந்து நாளும் இரவு பகலாக உடனிருந்த அத்தைக்கும், காரியத்துக்கு வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்ற நெடுங்காட்டு மக்களுக்கும் எங்கள் இரு வீட்டாரின் நன்றி. பிழை என்னுடையது. சித்தி கனவில் மச்சத்தோடு வந்தார் என்று சொன்னவர்கள், இந்த மலரின் படத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனர் கடைத் தம்பிக்கும் நன்றி. இந்த முறை அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். இந்த மலருக்காகச் சித்தியின் பக்கத்தை வெட்டி எடுத்தபோது, தோள்மேல் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சின. ஓடிவிடாமல் இருக்க நான் பிடித்திருந்த விரல்கள்.

"இத அழிச்சிடவாக்கா? செத்தவங்க படத்துல உசிரோட இருக்கறவங்க கை இருந்தா நல்லாருக்காதுல்ல?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், கூட வந்திருந்த சித்தியின் அம்மா சொன்னார்:

"இருக்கட்டும் தம்பி. அவ கைய எடுத்தா இவ ஓடிருவா."