சிவப்புக் கொடி ஏறாத நாள்

உள்ளறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. வறட்டு இருமல் இரண்டு. பிறகு மூச்சு இழுபடும் நீண்ட சீழ்க்கை. தேநீர்க் கோப்பையை நீட்டிய மாஷேசியின் கை அப்படியே நின்றது.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?" என்று கேட்டார் டூமா. தலைநகர் பிரிட்டோரியாவிலிருந்து வந்திருந்த அரசாங்க அதிகாரி.

"காட்டாம? புகை தின்ன நுரையீரல், இனிமே இப்படித்தான்னு சொல்லிட்டாங்க."

"மாஷேசி! பிரிட்டோரியாக்காரருக்கு டீ குடுத்தியா?" உள்ளேயிருந்து அவள் கணவன் பெக்குமுசியின் குரல் வந்தது. "இல்ல, அடுப்பு மூட்ட அவர்கிட்டயே அனுமதி வாங்கணுமா?"

டூமா சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேசைமேல் பத்தொன்பது நோட்டுகள் கிடந்தன. எல்லாம் அவள் கையெழுத்து. பைன் தோட்டத்து மேட்டில் இருக்கும் வானிலைக் கூண்டுக்குத் தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் ஏறிப் போக வேண்டும். உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே இருக்கும், மற்றதன் முனையில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் காற்று வறண்டு கிடக்கிறது என்று அர்த்தம். எண்களை எழுதி, தீத்தடுப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்வாள். அவர்கள் கணக்குப் போட்டு நிறம் சொல்ல, தோட்டத்து வாசலில் கொடி ஏறும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சிவப்பு ஏறிவிட்டால் மறுநாள் இரண்டு மணிவரை வெளியில் ஒரு பானைகூட அடுப்பில் ஏறக்கூடாது. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அதுதான் சட்டம்.

இப்போது நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வரப்போகிறது. பழைய நோட்டுகளையும் பழைய தீவிபத்துகளையும் ஒப்பிட்டு, எந்த ஊரில் எந்த எண்ணில் சிவப்புக் கோடு போடுவது என்று முடிவு செய்கிறார்கள். அதற்காகத்தான் டூமா வந்திருந்தார்.

"உங்க நோட்டு மாதிரி சுத்தமா நான் எங்கயும் பாக்கலம்மா. ஒரே ஒரு நாள்தான் இடிக்குது." ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்தார். "ஆறு வருஷம் முன்னாடி, ஆகஸ்ட் பதினேழாம் தேதி. மலையிலேர்ந்து இறங்குமே, அந்த வறண்ட மலைக்காத்து அடிச்சிருக்கு. வெறும் மானி முப்பத்திமூணு. ஈரத்துணி மானி இருபத்திநாலுன்னு இருக்கு. மலைக்காத்து அன்னிக்கு இவ்வளவு ஈரம் எங்கேர்ந்து வரும்? அன்னிக்குத்தான் இங்க பெரிய தீ. என் கணக்குல மஞ்சக் கொடி நாள்ல ஒரு மலையே எரிஞ்சிருக்கு."

உள்ளறையில் இருமல் நின்றுபோயிருந்தது.

"துணி காஞ்சு போயிருக்கும். எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். கருவிக் கோளாறுன்னு எழுதி அந்த நாளையே எடுத்துடறேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

ஆறு வருடமாக அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாறையை நகர்த்த, ஒருவர் பேனாவை நீட்டுகிறார். வாங்கிக்கொண்டால் முடிந்தது.

"எடுத்துட்டா என்ன ஆகும்?"

"கோடு கொஞ்சம் தள்ளிப் போகும். அதே மாதிரி ஒரு நாள் திரும்ப வந்தா, கொடி ஆரஞ்சோட நின்னாலும் நின்னுடும்."

அந்த ஆகஸ்டில் செத்தவர் அவளுடைய மாமனார். பதினேழுக்கு மறுநாள் அடக்கம். நானூறு பேருக்குச் சமைக்கக் காளை வெட்டியாகிவிட்டது. கல் கூட்டி, மூன்றுகால் பானைகள் ஏற்றத் தயாராக நின்றன. மூத்த மகன் பெக்குமுசிதான் பானைகளுக்குப் பொறுப்பு. வந்த ஜனம் பசியோடு திரும்பினால் அவன் எந்த முகத்தோடு ஊரில் நடப்பான்?

பதினேழன்றே பிற்பகல் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். ஐந்து மணிக்குச் சவப்பெட்டி வாசலுக்கு வந்தது. அப்பாவை வீட்டுக்குள் அழைக்க வேண்டியவன் மூத்த மகன். ஐந்து நிமிடம் பானைகளை விட்டு வாசலுக்குப் போனான். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பொறி கூரைப்புல்லில் விழுந்தது. கூரையிலிருந்து பைன் காட்டுக்குத் தாவியது. ஈரச் சாக்கோடு தீயை அடிக்கப் போன அவன் தம்பி வூசி திரும்பவே இல்லை.

அன்றுமுதல் எந்த விசேஷத்திலும் பெக்குமுசியை அடுப்புப் பக்கம் யாரும் விடவில்லை. "பெக்குமுசி வர்றான், தீப்பெட்டிய எடுத்து வை" என்று பீர்க் கடையில் சிரிப்பார்கள். அவனும் கூடவே சிரித்துவிட்டு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

பாவி! இத்தனையையும் அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்!

"துணி காயல, ஐயா." அவள் பேனாவை வாங்கவில்லை. "நானே நனைச்சேன், சொட்டச் சொட்ட. மானி பதினஞ்சு காட்டுச்சு. நான்தான் இருபத்திநாலுன்னு எழுதினேன். சிவப்பு ஏறக்கூடாதுன்னு எழுதினேன்."

டூமாவின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது.

உள்ளறை வாசலில் பெக்குமுசி நின்றிருந்தான். கம்பளி தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"பதினஞ்சா?" என்றான்.

"நொசிபோ அப்பா, உங்க மானம் போயிடக்கூடாதுன்னுதான்..."

"பதினஞ்சுன்னா, நான் அங்கயே நின்னிருந்தாலும் பொறி பறந்திருக்குமா?" அவன் கேட்டது அவளை அல்ல, டூமாவை.

"அந்தக் காத்துல யார் நின்னாலும் பறந்திருக்கும், ஐயா."

பெக்குமுசி சுவரைப் பிடித்துக்கொண்டான். "ஆறு வருஷம், மாஷேசி. அந்த அஞ்சு நிமிஷத்துக்காக எங்கப்பன் பொணத்த நான் வெறுத்திருக்கேன். தெரியுமா உனக்கு?"

அவள் நோட்டை டூமா பக்கம் நகர்த்தினாள்.

டூமா பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்து, மேலே பதினைந்து என்று எழுதினார். அதன் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். நோட்டுகளை அவர் பெட்டியில் அடுக்கினார்.

"வேலை போயிடுமா?" என்று கேட்டாள்.

"நான் எழுதியாகணும், அம்மா. மத்தது அவங்க கையில."

பெக்குமுசி கோட்டைப் போட்டுக்கொண்டு தொப்பியைத் தேடி எடுத்தான். "உங்க வண்டி கீழ்ச்சரிவு வழியாத்தானே போகுது? வூசி பொண்டாட்டி வீட்டுல என்னை இறக்கி விடுங்க. ஆறு வருஷமா அந்த வாசப்படி நான் மிதிக்கல."

"கம்பளியாவது..." என்று அவள் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவன் வாங்கவில்லை. டூமா தலைகுனிந்து விடைபெற்று முதலில் வெளியேறினார். பின்னால் போன பெக்குமுசி ஒருமுறை இருமினான்; நின்றான்; திரும்பிப் பார்க்கவில்லை. சாவு வீட்டில் மூடுவதுபோல, சத்தமில்லாமல் கதவை மூடினான்.