கிளிஞ்சலில் ஒரு துளை

திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் நெடுந்தொலைவு. ஆயினும் தூத்துக்குடிக் கிளிஞ்சல்கள் லாரியேறி வந்து, அவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் எங்கள் தெருக்கோடிக் காளவாயின் வாசலில் குவிந்து கிடக்கும். கல்லூரிச் சொற்போரின் இறுதிச் சுற்றுக்கு முந்தைய நாள், அந்தக் குவியலில் என் வெற்றியைக் கண்டெடுத்தேன்: வட்டம் பிசகாத சிறு துளையுடன் ஒரு கிளிஞ்சல். பண்டைத் தமிழன் எவனோ மாலை கோக்கத் துளைத்தது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை.

தலைப்பு, ‘கைத்திறன் மனிதனுக்கே உரியது’. ஆதரிப்பவன் நான், அதுவரை எந்த மேடையிலும் தோற்றறியாதவன். வென்றால் மதுரை மேடை. தோற்றால் பார்வையாளர் பெஞ்சு. எதிர்த்துப் பேச இருந்தவன் என் வகுப்புத் தோழன், தோல் பட்டறைக் குடும்பத்துப் பிள்ளை. அவனிடமே கிளிஞ்சலைப் பெருமையாகக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஏலே, இதைத் தூக்கிக்கிட்டு மேடை ஏறாத. இது மனுசன் போட்ட ஓட்டை இல்ல.”

“தோத்துருவோம்னு பயமா, மாப்ளே?”

“அம்புட்டுத் தோலையும் துளைக்கிற வீட்டுல பொறந்தவன்கிட்ட ஓட்டையைப் பத்திப் பேசுற! சொல்லிட்டேன், பெறகு அழுவாத.”

சூழ்ச்சி என்று எண்ணிச் சிரித்தேன்.

மறுநாள் கிளிஞ்சலை உயர்த்திப் பிடித்து முழங்கினேன்: “இயந்திரம் இல்லை, அளவுகோல் இல்லை, ஆயினும் இந்த வட்டத்தைப் பாருங்கள்!” கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

அடுத்து அவன் வந்தான். என் கிளிஞ்சலை வாங்கி அவைத்தலைவரிடம் நீட்டினான்.

“துளை வெளிப்புறம் அகன்று, உட்புறம் குறுகியிருக்கிறதா, ஐயா?”

தலைவர் விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார்.

சட்டைப்பையிலிருந்து நெல்லிக்காய் அளவில் ஒரு நத்தைக் கூட்டை எடுத்தான். வழவழப்பான உருண்டை, உச்சிச் சுருள் மேலெழாமல் தணிந்திருந்தது, வாயருகே தொப்புள்போல் ஒரு குழி. “விலங்கியல் கூடத்தில் கேட்டு வாங்கி வந்தேன். நாட்டிகா என்னும் கடல் நத்தை. கிளிஞ்சலைக் கட்டியணைத்து, பல் முளைத்த தன் நாக்கால் அராவித் துளைத்து, உள்ளிருக்கும் சதையை உண்ணும். நண்பர் வியந்த கைத்திறனுக்கு உரியவருக்குக் கையே கிடையாது!”

அவை சிரித்துக் குலுங்கியது. மறுமொழிக்கு எனக்கு இரண்டு நிமிடம் இருந்தது. எதுகையும் மோனையும் அணிவகுத்து நின்றன; அவற்றைக் கலைத்து அனுப்பினேன். “நண்பர் சொன்னது சரி” என்று கூறி அமர்ந்தேன். என் உரைகளில் அதுவே சுருக்கமானது.

கோப்பையை அணைத்துக்கொண்டு வெளியே வந்தவனிடம் கை நீட்டினேன்.

“அந்த நத்தையைச் செத்த நேரம் குடு, மாப்ளே.”

“எதுக்குலே?”

“மதுரைக்கு நீ போறதுக்குள்ள உன் பேச்சைத் திருத்தணும். பல்லு மொளச்ச நாக்குன்னியே, அதைச் சொல்றப்ப குரலை எறக்கிட்ட.”