அவள் அளந்ததுதான் சரி

வேளச்சேரி ரயிலில் எதிரே இருந்தவர் தடித்த கண்ணாடி போட்டிருந்தார். தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். நான் கவனிப்பதைக் கண்டு சிரித்தார்.

"தொழில் பழக்கம் சார். ரெண்டு திரவத்தைக் கலந்தா அதுல வெளிச்சம் எவ்வளவு வளையும்னு முன்கூட்டியே கணக்குப் போடறதுதான் என் ஆராய்ச்சி."

பிறகு கேட்காமலேயே சொன்னார். "என்கிட்ட ஆராய்ச்சி பண்ணின பொண்ணு அளந்தது என் கணக்குக்கு ஒத்து வரல. 'பொய்யா எழுதியிருக்கே'ன்னு எல்லார் முன்னாடியும் திட்டினேன். படிப்பையே விட்டுட்டா. அப்புறம் நானே அளந்தேன். அவ அளந்ததுதான் சரி."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"போன் பண்ணினேன். 'பரவால்ல சார்'னா. திரும்பி வரமாட்டேங்கறா."

ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தார். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் போனையே எடுத்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. மந்தைவெளியில் அவர் இறங்கும்வரை பேசாமலே இருந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.